சாவியைத் திருப்பியதும் கேட்க வேண்டிய ஒலிகள்

நேயர்களுக்கு வணக்கம். பழைய பிக்கப் வண்டி ஒன்று கிளம்ப மறுத்தால் பெரும்பாலானவர்கள் முதலில் பேட்டரியை மாற்றுகிறார்கள். அதற்கும் மசியாவிட்டால், என்ஜினை முதலில் சுழற்றிவிடும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுகிறார்கள். பிறகு பொறிக்கான காயில், பிளக் என்று ஒவ்வொன்றாகக் கைவைக்கிறார்கள். எதையும் மாற்றுவதற்கு முன்னால் சோதித்துப் பாருங்கள் என்பதைத்தான் இன்று நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். சோதனை என்றதும் பெரிய கருவிகளை நினைக்க வேண்டாம். காதும் கண்ணும் ஒரு சாதாரண மல்டிமீட்டரும் போதும்.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்ற ஒரே புகாருக்குள் இரண்டு வேறு கோளாறுகள் இருக்கின்றன. செல்ஃப் எடுக்காமல் என்ஜின் அசையாமலே நிற்பது ஒன்று; செல்ஃப் எடுத்து என்ஜின் நன்றாகச் சுழன்றும் உயிர் பிடிக்காமல் இருப்பது மற்றொன்று. இந்த இரண்டையும் பிரித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும், ஏனெனில் முதலாவதற்குப் பெட்ரோலோடு தொடர்பில்லை, இரண்டாவதற்குச் செல்ஃப் மோட்டாரோடு பெரும்பாலும் தொடர்பில்லை.

கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக்கைப் போட்டு, சாவியைத் திருப்பிக் கேளுங்கள். ‘டக டக டக’ என்று வேகமான ஒலி வந்தால், செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் மின்காந்த சுவிட்சான சோலனாய்டு இழுப்பதும் மின்னழுத்தம் சரிந்ததும் விடுவதுமாகத் தவிக்கிறது. பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது டெர்மினலில் இணைப்பு சரியில்லை. ‘டக்’ என்று அழுத்தமாக ஒரே ஒரு ஒலி வந்து அடங்கினால், சோலனாய்டு தன் வேலையைச் செய்துவிட்டது, ஆனால் மோட்டார் சுழலவில்லை. எந்த ஒலியுமே இல்லையென்றால் சாவி சுவிட்ச், ஃபியூஸ், சோலனாய்டுக்குப் போகும் மெல்லிய வயர் ஆகியவற்றைப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியானால், கியரில் இருக்கும்போது செல்ஃப் எடுக்காமல் தடுக்கும் நியூட்ரல் சுவிட்சையும் சேர்த்துப் பாருங்கள்.

ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்தானே வேண்டும் என்று 12-ஐப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். அந்த அளவில் பேட்டரி பெருமளவு இறங்கிவிட்டது என்று பொருள். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே அது விழக்கூடாது.

என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதிக்கு இப்போது வருகிறேன். நண்பர் ஒருவரின் பழைய பெட்ரோல் பிக்கப்பில் பேட்டரி புதிது, செல்ஃப் மோட்டாரும் புதிது, ஆனாலும் சாவியைத் திருப்பினால் ஒரு ‘டக்’, அவ்வளவுதான். ஹெட்லைட்டுகள் சிறிதும் மங்காமல் எரிந்துகொண்டிருந்ததால் கரண்ட்டில் குறையில்லை என்று முடிவு கட்டியிருந்தார்கள். நான் பானட்டைத் திறந்து, அவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு அங்கங்கே தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆக்ஸிலரேட்டர் கேபிள் கையில் சுட்டது. எரிபொருளுக்காக இழுபடும் ஒரு கேபிள் சூடாக வேண்டிய அவசியம் என்ன? என்ஜினுக்குள் போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப முறையான வழியில்லாமல், அந்த மெல்லிய கேபிளைப் பிடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது. என்ஜினையும் வண்டியின் சட்டமான சேசிஸையும் இணைத்து, கரண்ட் திரும்ப வழிதரும் பின்னல் எர்த் பட்டை வெளியே பார்க்க முழுசாகத்தான் இருந்தது. போல்ட்டைக் கழற்றி இழுத்தபோது அதன் முனையில் செம்பு பச்சைத் தூளாகி உதிர்ந்தது. ஹெட்லைட்டுகளுக்கு எர்த் பாடியிலிருந்தே கிடைத்ததால்தான் அவை பிரகாசமாக எரிந்து எல்லோரையும் ஏமாற்றின.

இதன் கணக்கு எளிது. செல்ஃப் மோட்டார் சுமார் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஓம் ஒன்றில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் காணாமல் போய்விடும். அவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவீடு காட்டாது. ஆகவே சுமையோடு, அதாவது மோட்டார் கரண்ட் இழுக்கும்போதே, வோல்ட்டை அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயத் தூணிலேயே வையுங்கள். கவ்வியில் அல்ல, தூணில். மறுமுனையை என்ஜினின் சுத்தமான உலோகத்தில் அழுத்திப் பிடித்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் வரை காட்டினால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பாதையில் கோளாறு. இதேபோல் பாசிட்டிவ் தூணிலிருந்து மோட்டாரின் தடித்த போல்ட் வரை அளந்தால், அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். புதிய பட்டை போடும்போது பெயின்ட்டைச் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகே இறுக்குங்கள். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படக்கூடும் என்பதால் அருகே நெருப்பு கூடவே கூடாது.

என்ஜின் சுழன்றும் உயிர் பிடிக்காவிட்டால், பெட்ரோல் வண்டியில் பொறியும் எரிபொருளும்தான் கேள்வி. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் உள்ள வண்டியானால், சாவியை அணைத்து, ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டர் இணைப்பைக் கையால் இழுத்தபடி உள்ளே பாருங்கள். மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீறிட வேண்டும். பீறிட்டால் பொறியைத் தேடுங்கள்: காயிலின் கரண்ட்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட் கருகியிருக்கலாம், பொறியைப் பிளக்குகளுக்குப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் மயிரிழை விரிசலோ ஈரமோ இருக்கலாம். பிளக்குகள் பெட்ரோலில் நனைந்திருந்தால் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தியபடியே, விட்டுவிட்டு மிதிக்காமல், செல்ஃப் அடியுங்கள். பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல் மோட்டாரை ஆறவிடுங்கள்.

எனக்குத் தரப்பட்ட நேரம் நெருங்கிவிட்டது. டீசல் வண்டியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் வெண்புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குப் போகிறது, எனவே சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கையும், உள்ளே காற்று அழுத்தப்படும் அளவான கம்ப்ரஷனையும் பாருங்கள். புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. பம்பில் டீசலை அடைத்து என்ஜினை நிறுத்தும் சோலனாய்டு திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஃபில்டரின் காற்றுத் திருகைத் தளர்த்திக் கைபம்பை அழுத்துங்கள், குமிழிகள் நின்று டீசல் மட்டும் வழியத் தொடங்கியதும் திருகை இறுக்குங்கள். வணக்கம்.