ஒரு தையல் பிரிச்சா போதும்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எனக்கு முன்னாடி பேசி பாதி வேலையை முடிச்சிட்டுப் போன எங்க அணி தங்கச்சிக்கும், எதிரணியில முகத்தைக் கடுகடுன்னு வச்சிட்டு உக்காந்திருக்கிற தம்பிக்கும் அக்காவுக்கும், பொங்கப்பானை கழுவிக் கவுத்திட்டு கால் வலியோட வந்து உக்காந்திருக்கிற எங்க தெரு ஜனங்களுக்கும் வணக்கம்.

மனசுக்கு சந்தோஷத்தையும் நம்ம உடம்பு மேல நமக்கே ஒரு பிரியத்தையும் தர்றது கடையில எடுக்கிற துணியா, நாமளே தைச்சுப் போடுற துணியா, இதுதான் தலைப்பு. நான் தைச்சுப் போடுற கட்சி. எதிரணித் தம்பி என்ன சொன்னாரு, "399 ரூபாய்க்கு குர்தி வீட்டு வாசலுக்கே வருது, போட்டுப் பாருங்க, பத்தலையா திருப்பி அனுப்புங்க, இதை விட்டுட்டு முதுகு ஒடிய மெஷின் மிதிக்கணுமா"ன்னாரு. நல்லா கை தட்டுனீங்க. நானும் தட்டுனேன், பொய் சொல்லல. ஆனா திருப்பி அனுப்புங்கன்னு சொன்னாரு பாருங்க, அந்த இடத்துல எனக்கு சுருக்குன்னுச்சு. நான் எத்தனை திருப்பி அனுப்பியிருக்கேன்னு எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கிற கொரியர் பையனுக்குத்தான் தெரியும். அனுப்பும்போது போன்ல காரணம் கேப்பான், 'சைஸ் சரியில்லை'ன்னு அமுக்கணும். யார் சைஸ் தம்பி சரியில்ல? குர்தியோடதா, என்னோடதா? அது அங்க போட்டிருக்காது, நாமளா எடுத்துக்குவோம் நம்மளத்தான் சொல்றாங்கன்னு.

ஒரு தடவ தீபாவளிக்கு பெரிய கடை ஒன்னுக்குப் போனேன், பேரு வேணாம், கூட்டம்னா கூட்டம். சுடிதார் செக்‌ஷன்ல நின்ன பொண்ணு என்னை மேலயும் கீழயும் ஒரு பார்வை பார்த்துட்டு அந்தப் பக்கத்துல இருக்கிற இன்னொரு பொண்ணுகிட்ட "ஏய், அக்காவுக்கு டபுள் எக்ஸெல்லும் பத்தாதுடி, அந்த ரேக்ல இருக்கா பாரு"ன்னு கத்துச்சு. அந்த மாடி முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவம் இல்ல, காலையில இருந்து நின்னுக்கிட்டே இருக்கு பாவம். கோவம் என் மேலதான் வந்துச்சு, அன்னைக்கு ராத்திரி சாப்பிடல நான். யோசிச்சுப் பாருங்க, ஒரு துணி பத்தலைன்னதுக்கு நான் பட்டினி கெடக்கிறேன்.

சரி, ஏன் பத்தல? இதைத் தேடிப் படிச்சதுக்கு அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்துச்சு. இந்த எஸ்ஸு, எம்மு, எல்லுங்கிறதெல்லாம் பிரம்மா எழுதி வச்சதுன்னு நினைச்சிட்டு இருந்தேன். அமெரிக்காவுல 1939, 1940ல சுமார் 15,000 பொம்பளைங்களை நிக்க வச்சு உடம்புல 50 இடத்துக்கு மேல அளந்திருக்காங்க, அதுலயும் கடைசியில கணக்குல எடுத்தது வெள்ளைக்காரங்க அளவை மட்டும், அதை வச்சு 1958ல அரசாங்கமே ஒரு சைஸ் கணக்குப் போட்டுச்சு. அப்புறம் அது அவங்க ஊரு பொம்பளைங்களுக்கே ஒத்து வரலன்னு 1983ல அதே அரசாங்கம் கைவிட்டுருச்சு. அவங்களுக்கே செட் ஆகாத கணக்கு! நம்ம நாட்டுக்குன்னு சொந்தமா ஒரு சைஸ் கணக்கு வேணும்னு நிஃப்ட்ங்கிற ஃபேஷன் காலேஜ்காரங்க 25,000 பேரை ஸ்கேன் பண்ணி அளக்கிற திட்டம் போட்டதே 2018 வாக்குலதான். அது வரைக்கும் என் இடுப்புக்கு நான் யார்கிட்டயோ மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கேன்.

இன்னொரு கூத்து இருக்கு. ஒரே ஒரு உடம்புக்குத் துணியை வெட்டிச் சரி பார்த்துட்டு, அதையே எல்லாப் பக்கமும் இத்தனை இத்தனைன்னு கூட்டிக்கிட்டே போறதுதான் அடுத்த அடுத்த சைஸு. எனக்கு மார்பு சுத்தளவு பெருசு, தோளு சின்னது. மார்புக்குன்னு பெரிய சைஸ் எடுத்தா தோளும் சேர்ந்து பெருசாகி பாதிக் கைக்கு இறங்கி நிக்கும், தோளுக்குன்னு எடுத்தா பட்டன் போட முடியாது. மெஷின்ல உக்காந்தா இது ஒரு சங்கதியே இல்ல. தோளை 14 இன்ச்சுலயே வை, முன் பீஸ்ல டக்ஸை, அதான் உடம்பு வளைவுக்கு மடிச்சுப் பிடிக்கிற தையலை, கொஞ்சம் ஆழமா பிடி, முடிஞ்சு போச்சு. இதுக்கா அழுதேன்னு இருந்துச்சு.

நான் தைக்கக் கத்துக்கிட்டது நாப்பத்தி மூணு வயசுல. அந்தக் காலத்துல பத்தாவது லீவு விட்டா ஒரு பக்கம் டைப்ரைட்டிங், இன்னொரு பக்கம் டெய்லரிங், தையல்ல லோயர் ஹையர்னு அரசாங்கப் பரீட்சையே இருக்கு, நான் டைப்ரைட்டிங் பக்கம் போயிட்டேன். அம்மா போனதுக்கு அப்புறம் அவங்க கால் மெஷின் எங்க வீட்டுக்கு வந்துச்சு, கொஞ்ச நாள் அது மேல அயர்ன் பண்ண வேண்டிய துணி கிடந்துச்சு, உங்க வீட்டுலயும் அப்படித்தானே? அப்புறம் ஒரு நாள் எண்ணெய் விட்டு, பெல்ட்டு மாத்தி, பாபின்ல நூல் சுத்தி உக்காந்தேன். முதல் ஒரு வாரம் நான் முன்னாடி மிதிச்சா அது பின்னாடி ஓடும். முதல் ஜாக்கெட்ல வலது கையை இடது பக்கம் வச்சுத் தைச்சுட்டேன், கைக்கு முன்னாடி பக்கம் கூட குழி வெட்டியிருக்கணும்ல, அது போய் பின்னாடி உக்காந்துக்கிச்சு, கையைத் தூக்குனா மொத்த ஜாக்கெட்டும் கூட வருது. எங்க வீட்டுக்காரர் பார்த்துட்டு "பஸ்ல போகாத, கம்பியைப் பிடிக்க முடியாது"ன்னாரு. அதையும் போட்டுக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன்யா, முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டு, ஏதோ ஒலிம்பிக்ல மெடல் வாங்குனவ மாதிரி!

அப்புறம் தனக்குத் தானே அளவு எடுக்க முடியாது, முதுகுக்கு இன்னொரு ஆள் வேணும். மகளைக் கூப்பிட்டு டேப்பைக் கொடுத்தேன். எடுத்துட்டு வந்தவ ஒரு இடத்துல நின்னுட்டா. "அம்மா, உனக்கு வலது தோள் இடதை விட அரை இன்ச் இறங்கியிருக்கு"ன்னா. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. ஏன்னா இருவது வருஷமா எனக்கு வலது பக்கம் ஜாக்கெட் சரிஞ்சுக்கிட்டே இருக்கும், மாமியார் "ஒழுங்கா உடுத்தத் தெரியல"ம்பாங்க, டெய்லர் "நீங்க நிமிந்து நிக்கிறதில்லம்மா"ம்பாரு, நானும் நமக்கு நறுவிசு பத்தாதுன்னு ஊக்கு குத்திக்கிட்டுத் திரிஞ்சேன். அரை இன்ச்சுங்க! அந்தப் பக்கம் மட்டும் ஷோல்டர் இறக்கத்தை அரை இன்ச் கூட்டி, கைக்குழியையும் அதே அரை இன்ச் இறக்கி வெட்டுனேன். போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னாடி நின்னேன், சரியவே இல்ல. என்னமோ எனக்கு அழுகை வந்துருச்சு. சந்தோஷமான்னா சந்தோஷம்தான், கூடவே இத்தனை வருஷம் என்னை நானே திட்டிக்கிட்டதுக்கும் சேர்த்து. டேப்பு இருக்கே, அது நம்பரை மட்டும்தான் சொல்லும், கூட ஒரு உச்சுக் கொட்டாது.

இப்ப எதிரணி அக்கா கேட்டாங்க, "நேத்து தைச்சது இன்னைக்கு உடம்பு போட்டா பத்தாதே, அப்ப என்ன செய்வீங்க"ன்னு. வசமா மாட்டுனீங்கக்கா. இங்க உக்காந்திருக்கிற அம்மாமாரெல்லாம் வீட்டுக்குப் போய் உங்க பழைய ஜாக்கெட் ஒன்னை உள்பக்கம் திருப்பிப் பாருங்க. பக்கத்துல ஒரு தையல் மட்டுமா இருக்கு? மூணு கோடு, நாலு கோடு இருக்கும், உள்ளே இன்ச் கணக்குல துணி விட்டிருப்பாங்க. ஒரு தையல் பிரிச்சா போதும், இறுக்கம் போயிரும். உங்க 399 ரூபாய் குர்தியைத் திருப்பிப் பாருங்க, கால் இன்ச்சுல, ஓரம் பிரியாம இருக்க ஓவர்லாக் தையல் அடிச்சு மூடியிருப்பான், நீ இப்படியே இரு, ஒரு சுத்துப் பெருத்தாலும் என்கிட்ட வராதங்கிறான்.

எங்கம்மாவோட காட்டன் ஜாக்கெட் ஒன்னு என்கிட்ட இருக்கு, அவங்களே தைச்சது, மாம்பழக் கலரு. அதை உள்பக்கம் திருப்புனா அம்மா வாழ்க்கை தெரியும். கல்யாணத்தப்ப இருந்த உள் தையல் பிரிச்சு ஓட்டை மட்டும் வரிசையா இருக்கு. நான் பொறந்ததுக்கு அப்புறம் ஒரு கோடு, தம்பி பொறந்ததுக்கு அப்புறம் அதையும் பிரிச்சு ஓரத்துல ஒரு கோடு. கடைசிக் காலத்துல சுகர் வந்து இளைச்சாங்கல்ல, அப்ப மெஷின் மிதிக்கத் தெம்பு இல்லாம கையாலயே மறுபடி உள்ளே பிடிச்சு ஓட்டுத் தையல் போட்டிருக்காங்க, நூல் கலர் கூட சேரல, கண்ணு தெரியல பாவம். நாலு உடம்பு, ஒரே ஜாக்கெட்டு. எந்த உடம்பையும் அம்மா வேணாம்னு சொல்லல. அவங்க இதெல்லாம் பேசுனதே இல்ல, 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு'ன்னு மட்டும் சொல்லுவாங்க.

அடுத்தது, டெய்லர் வயித்துல அடிக்கிறோம்னு ஒரு குத்தச்சாட்டு. இதுக்கு மட்டும் கொஞ்சம் சூடா பதில் சொல்றேன் நடுவரய்யா. 1830கள்ல பாரிஸ்ல திமோனியேங்கிற ஆளு மெஷின் வச்சு பட்டாளத்துக்கு யூனிஃபார்ம் தைக்க ஆரம்பிச்சப்ப, பொழப்பு போயிருமேன்னு தையல்காரங்க கூட்டமா வந்து மெஷினை எல்லாம் உடைச்சாங்க. அவங்க பயந்தது மொத்தமா தைக்கிற ஃபேக்டரிக்கு, வீட்டுல தனக்குன்னு ஒரு ஜாக்கெட் தைக்கிற என்னை மாதிரி ஆளுக்கு இல்ல. நம்ம தெருவுல மூணு டெய்லர் கடை மூடிருச்சே, நான் தைச்சதுனாலயா, தம்பி சொன்ன 399 ரூபாய் குர்தியாலயா? பட்டு ஜாக்கெட்டையும் எங்க வீட்டுக்காரர் பேண்டையும் நான் இன்னைக்கும் டெய்லர்கிட்டதான் கொடுக்கிறேன், முன்னெல்லாம் லைனிங் ஜாக்கெட்டுக்கு 500 ரூபாயான்னு பேரம் பேசுவேன், கழுத்துக்கு கிராஸ் பீஸ், அதான் கோணலா வெட்டுன துணிப் பட்டை, வச்சு சுருக்கம் இல்லாம திருப்புறதுக்கு உயிர் போகும்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் வாயே திறக்கிறதில்ல.

மெஷின் மோகம் ஆகாதுன்னு சொன்ன காந்தியே 1924ல சொல்லியிருக்காரு, கண்டுபிடிச்சதுல உருப்படியான சிலதுல சிங்கர் தையல் மெஷினும் ஒன்னுன்னு. சிங்கருங்கிறவரு தன் பொண்டாட்டி கையால தைச்சுக் கஷ்டப்படுறதைப் பார்த்து அன்புல கண்டுபிடிச்சாருன்னு வேற சொன்னாரு. காந்தி நல்ல மனுஷன், நம்பிட்டாரு. அந்த சிங்கருக்குக் குடும்பமே ஒன்னு ரெண்டு இல்ல, எந்தப் பொண்டாட்டியைப் பார்த்துன்னு கேட்டா அவரே முழிப்பாரு. அது கிடக்கட்டும்.

சந்தோஷம்னு சொன்னேனே, பெருசா ஒன்னும் இல்லங்க. போன மாசம் என் சுடிதார்ல ரெண்டு பக்கமும் பாக்கெட் வச்சேன், போன் முழுசா உள்ளே போற பாக்கெட். கடையில எடுக்கிற பொம்பளைங்க துணியில பாக்கெட்னு ஒன்னு இருக்கும், அதுல ஒரு சாக்லேட் போட்டாலே பிதுங்கும். நான் தைச்ச அந்த சுடிதாரைப் போட்டுக்கிட்டு ரெண்டு கையையும் பாக்கெட் உள்ளே விட்டுக்கிட்டு தெருவுல நடந்தேன், எதிர்ல வந்த பக்கத்து வீட்டு அக்கா "என்னடி நடையே மாறிருச்சு"ன்னாங்க. இப்ப அவங்களுக்கும் ரெண்டு நைட்டிக்கு பாக்கெட் வச்சுக் கொடுத்திருக்கேன், காசு வாங்கல, கொழுக்கட்டை வந்துச்சு.

நடுவர் ஐயா மணி அடிச்சுட்டாரு. இன்னைக்கு நான் போட்டிருக்கிற ஜாக்கெட்டும் நானே தைச்சதுதான், நேத்து ராத்திரி பதினொன்றரை வரைக்கும் மிதிச்சேன், பேசுற அவசரத்துல கடைசி ஹூக்கு மட்டும் வைக்க முடியல, ஊக்குதான் குத்தியிருக்கேன். அதனால கையை ரொம்ப மேல தூக்காம, இந்த அளவுல கும்பிட்டுக்கிறேன். தீர்ப்பை நீங்க சொல்லுங்க, நான் வீட்டுக்குப் போய் ஹூக்கு வைக்கணும். நன்றி, வணக்கம்.