காசிமேட்டில் எங்க நைனாவைக் காப்பாற்றிய அக்காவுக்கு

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஊர் சுற்றல், சாப்பாட்டுக் கடை எதுவும் இல்லை. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசுகிறேன், காற்றுச் சத்தம் மைக்கில் வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதமாக ஏன் வீடியோ வரவில்லை என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். எங்க நைனா, அதாவது எங்க அப்பா, பிழைத்து வந்தார், அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுதான் காரணம். அவர் எப்படிப் பிழைத்தார் என்பதைச் சொல்லத்தான் கேமரா முன்னால் வந்திருக்கிறேன். பேர் தெரியாத ஒரு அக்காவுக்கு நன்றி சொல்ல வேண்டும். மூன்று மாதமாக இது தொண்டையிலேயே நிற்கிறது.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து விசைப்படகெல்லாம் மீனோடு திரும்பி வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை காசிமேடு மீன்பிடித் துறைமுகம் எப்படி இருக்கும் என்று நம்ம ஏரியா ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம், கால் வைக்க இடம் இருக்காது. நைனாவுக்கு அது திருவிழா மாதிரி. துறைமுகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர், செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீன் வாங்க மாட்டார். அன்றைக்கும் விடியற்காலையிலேயே என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

சங்கரா விலை பேசிக்கொண்டிருந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. அப்படியே சரிந்து, ஐஸ் பெட்டியில் தோள் இடித்து, ஈரத் தரையில் மல்லாந்து விழுந்தார்.

ஒரு நொடியில் கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தர் சோடா வாங்கி வர ஓடினார். இன்னொருத்தர் வலிப்பு என்று நினைத்து, தன் வண்டிச் சாவியை நைனா கைக்குள் வைத்து அழுத்தினார். ஆட்டோவில் தூக்கிப் போடு என்று ஒரு குரல், போலீஸ் கேஸ் ஆகிடப் போகுது, யாரும் தொடாதீங்க என்று ஒரு குரல். யாரையும் குறை சொல்லவில்லை, எல்லாரும் பதறித்தான் போனார்கள். நானும் "நைனா நைனா" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தேனே தவிர, வேறு ஒன்றும் தோன்றவில்லை. அவர் வாய் திறந்து திறந்து மூடியது, பெட்டியில் கொட்டின மீன் மாதிரி. நடுநடுவில் குறட்டை போல ஒரு சத்தம். மீன் விற்கிற அம்மா, "மூச்சு விடுறாருப்பா, பயப்படாத" என்றார். நானும் அதை நம்பினேன்.

அப்போதுதான் அந்த அக்கா வந்தார். முப்பத்தைந்து வயசு இருக்கும், கையில் மஞ்சள் பை, மீன் வாங்க வந்தவர். பையைக் கீழே வைத்துவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்து, "ஐயா, ஐயா" என்று தோளைத் தட்டினார். நைனா நெஞ்சையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "இது மூச்சு இல்ல. நெஞ்சு ஏறி இறங்கல பாருங்க."

யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று அவர் பொதுவாகச் சொல்லவில்லை. என்னை நேராகப் பார்த்து, "தம்பி, நீ 108 போடு, ஸ்பீக்கர்ல வை" என்றார். லோடு ஏற்றுகிற ஒரு அண்ணனைக் கை காட்டி, "அண்ணா, நீங்க கேட்டாண்ட போயி நில்லுங்க, வண்டி வந்தா வழி விட்டுக் கூட்டினு வாங்க" என்றார். யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று முடிவாகிவிட்டது, கத்தல் அடங்கிவிட்டது.

நைனாவின் நெஞ்சுக்கு நட்ட நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பாகம், அதன் மேல் இன்னொரு கை, முழங்கை மடங்காமல் நேராக. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சத்தமாக எண்ணிக்கொண்டே அழுத்தினார். முப்பது வந்ததும் திரும்ப ஒன்று. மெதுவாக நீவுவது என்று நினைத்துவிடாதீர்கள். பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டராவது நெஞ்சு உள்ளே இறங்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் முழுசாக மேலே வர விட வேண்டும், நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு என் காதில் விழுந்தது 'டக்' என்று ஒரு சத்தம். "அக்கா, எலும்பு உடையுதுக்கா!" என்று கத்திவிட்டேன். அவர் கையை நிறுத்தவே இல்லை. "எலும்பு கூடிக்கும், நீ போன்ல பேசு."

இதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. "என் வேகம் குறையுது, நீ வா" என்று என்னை எதிர்ப்பக்கம் உட்கார வைத்து, என் கையை எடுத்து சரியான இடத்தில் வைத்து, எண்ணிக்கையை மட்டும் விடாமல் அவரே சொன்னார். சின்ன வயசில் நான் தலை வைத்துத் தூங்கின நெஞ்சு அது. அதை என் முழு எடையையும் போட்டு அழுத்தினேன். என் கை ஓய்ந்ததும் திரும்ப அவர். இப்படியே மாற்றி மாற்றி.

என் போன் கால் லாக்கில் இன்னும் இருக்கிறது, 108-க்குப் போட்டது காலை 6.52. அவர்கள் ஸ்ட்ரெச்சரோடு கூட்டத்துக்குள் வந்து சேர்ந்தது 7.05. பதின்மூன்று நிமிஷம், அந்தக் கூட்டத்தில் அது வேகம்தான், அந்த லோடு அண்ணன் கத்திக் கத்தி வழி பண்ணியிருக்கிறார். வந்தவர்கள் நைனா சட்டையைக் கிழித்து, ஐஸ் தண்ணீரில் ஊறியிருந்த நெஞ்சை மீன்காரம்மா துண்டால் துடைத்து, இரண்டு பட்டைகளை ஒட்டி, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லி ஷாக் கொடுத்தார்கள். திரும்ப அழுத்தினார்கள். இரண்டாவது ஷாக்குக்கு அப்புறம் நாடி வந்தது.

மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கினார். ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது மாரடைப்பு. அதனால் இதயத்தின் மின்துடிப்பு குழம்பி, ரத்தம் தள்ளுகிற வேலையே நின்றுவிடலாம், நைனாவுக்கு நடந்தது அது. அந்த நேரத்தில் நெஞ்சை அழுத்துவதுதான் மூளைக்கு ரத்தத்தை அனுப்பும். யாரும் அழுத்தாமல் போகிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7-லிருந்து 10 சதவீதம் குறைந்துகொண்டே போகுமாம். பதின்மூன்று நிமிஷம். கணக்குப் போட்டுப் பார்க்கவே எனக்குக் கை நடுங்குகிறது. நைனாவின் அந்தக் கடைசி மூச்சு மாதிரியான இழுப்பைப் பார்த்து மூச்சு இருக்கிறது என்று ஏமாந்துபோவது ரொம்பச் சாதாரணம் என்றும் சொன்னார். அதை ஒருத்தர் கண்டுபிடித்துச் சொன்னதால்தான் எங்க வீட்டில் இன்றைக்கு விளக்கு எரிகிறது.

எல்லாரும் அவர் நர்ஸாக இருப்பார் என்றார்கள். இல்லை. நைனாவை வண்டியில் ஏற்றும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடிந்தது, "அக்கா, நீங்க டாக்டரா?" அவர் அப்போது விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார், கை உதறிக்கொண்டிருந்தது. "இல்லப்பா, கம்பெனில ஒரு நாள் சொல்லிக் குடுத்தாங்க. பொம்ம மேல பண்ணியிருக்கேன். ஆளு மேல இப்பதான்." அதற்குள் வண்டிக் கதவை மூடிவிட்டார்கள்.

ஒரு நாள் பயிற்சி, அதுவும் பொம்மை மேல். அதை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருத்தருக்காக, தப்பாகப் போனால் இந்தக் கூட்டம் என்ன சொல்லும் என்று யோசிக்காமல் முட்டி போட்டு உட்கார்ந்தார் பாருங்கள். போலீஸ் கேஸ் பயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரோட்டில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவர் மேல் வழக்குப் போட முடியாது, பேரைச் சொல் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது, 2019-ல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று பிரிவே இருக்கிறது. இது விபத்துக்கான சட்டம்தான், ஆனால் எதைத் தொட்டாலும் கேஸ் என்று நம் ஆட்கள் மனசில் ஊறிப்போயிருக்கிறதே, அதற்காகச் சொல்கிறேன். போன மாதம் நானும் அம்மாவும் முதலுதவி வகுப்புக்குப் போய் வந்தோம். பொம்மை நெஞ்சில் கை வைத்ததும் அம்மா அழுதுவிட்டார், ஆனால் முப்பது வரைக்கும் எண்ணி முடித்தார்.

நைனாவுக்கு ஸ்டென்ட் வைத்து ஒன்பதாவது நாள் வீட்டுக்கு விட்டார்கள். விலா எலும்பு விரிசல் இரண்டு மாதம் வலித்தது, இருமினால் துடித்துப்போவார். ஆனாலும் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டி, "அந்தப் பொண்ணு கை பட்ட இடம்டா" என்பார்.

அக்கா, இந்த வீடியோ உங்கள் கண்ணில் படுமா என்று தெரியாது. அன்றைக்கு யாரோ எடுத்த வீடியோவில் நீங்கள் இருக்கிறீர்கள், அதை நான் போடவில்லை, யாரும் தேடிப்பிடித்துப் போடவும் வேண்டாம், பேர் சொல்லாமல் போனவரை அப்படியே விடுவதுதான் மரியாதை. ஆனால் உங்கள் மஞ்சள் பையை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். உள்ளே அரைக் கிலோ நெத்திலி. நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று அந்த மீன்காரம்மா மதியம் வரைக்கும் ஐஸ் போட்டு வைத்திருந்தாராம். நைனா நடக்க ஆரம்பித்ததும் முதலில் போனது அவரிடம்தான், காசு கொடுத்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நீங்கள் எந்த ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் சரி, "அன்னிக்கு பைய விட்டுட்டுப் போனேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அன்றைக்கு வந்ததில் நல்ல வஞ்சிரமாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பார். பையைத் துவைத்து மடித்து அவரிடமே கொடுத்து வைத்திருக்கிறோம்.