பத்தாவது சுற்று

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டிப் பழக வருகிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பது என் வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சார், பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி எனக்குப் பிடித்தபடி மாற்றிக்கொள்ளட்டுமா, இல்லை ஹாட் ஹேட்ச் ஒன்றை வாங்கி அப்படியே ஓட்டட்டுமா? எது சார் வேகம்?"

வேகத்தை ஸ்டாப்வாட்ச் சொல்லிவிடும். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் வாங்கப்போகும் கார் பத்தாவது சுற்றில் எப்படி இருக்கும்?

முதல் மூன்று சுற்றில் எந்தக் காரும் நல்ல கார்தான். டயர் சூடேறிப் பிடிக்க ஆரம்பித்திருக்கும், பிரேக் கூர்மையாக இருக்கும், இன்ஜின் ஆயிலின் சூடு இன்னும் எல்லைக்குள் இருக்கும். ஏழு, எட்டு என்று போகும்போதுதான் காரின் குணம் வெளியே வரும். ஓட்டுகிறவர் கற்றுக்கொள்வதும் அந்தச் சுற்றுகளில்தான். மூன்று சுற்று போய்விட்டு, அரை மணி நேரம் பானட்டைத் திறந்து வைத்து ஆற வைக்க வேண்டிய கார் எத்தனை வேகமாக இருந்தும் பயனில்லை.

ஹாட் ஹேட்ச் என்ற பெயரே புதிதாக இருக்கும் நேயர்களுக்காக இரண்டு வரி. பின்கதவை மேலே தூக்கித் திறக்கும் சாதாரணக் குடும்பக் காரில், கம்பெனியே வலுவான இன்ஜினும் இறுக்கமான சஸ்பென்ஷனும் நல்ல பிரேக்கும் போட்டு விற்பதுதான் அது. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ 1975-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி, மறுவருடம் விற்பனைக்கு வந்தது. 1.6 லிட்டர் இன்ஜின், 110 குதிரைத்திறன், எடை 800 கிலோவுக்குச் சற்று மேலே. 1984-இல் பெஜோ 205 ஜிடிஐ வந்தது. எதிர்ப்பக்கம் 1989-இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5, 2012-இல் வந்த டொயோட்டா 86 போன்ற ஸ்போர்ட்ஸ் கார்கள். இவற்றில் இன்ஜின் முன்னால் இருந்தாலும் இழுவிசை பின்சக்கரங்களுக்குப் போகும். வித்தியாசம் முழுக்க அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கணக்குப் பார்க்கலாம். 1,200 கிலோ எடையுள்ள முன்சக்கர இழுவை ஹேட்ச் ஒன்றை, அதாவது இன்ஜின் முன்சக்கரங்களை மட்டுமே சுழற்றும் ஹேட்ச் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போதே அதில் 740 கிலோ அளவுக்கு முன்சக்கரங்களின் மேல் இருக்கும். இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் அங்கேதானே இருக்கிறது. நேர்பாதையின் முடிவில் பலமாகப் பிரேக் பிடித்தால் இன்னும் 200 கிலோவுக்கு மேல் பாரம் முன்னால் சாயும். பின்சக்கரங்களில் மிஞ்சுவது 220 கிலோவோ 250 கிலோவோதான். அந்தப் பாரத்தை வாங்கிக்கொண்ட முன்டயர்கள்தான் காரை நிறுத்த வேண்டும், அவைதான் வளைக்க வேண்டும், வளைவு முடிந்ததும் அவைதான் இழுக்கவும் வேண்டும். ஒரு டயருக்கு ஓர் அளவுப் பிடிதான் உண்டு. அதை வளைப்பதற்குச் செலவழித்தால் இழுப்பதற்கு அவ்வளவு குறையும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. புதிதாக வருகிறவர்களை முதல் ஓட்டம் முடிந்ததும் கீழே இறக்கி, டயர் பக்கத்தில் குந்தி உட்காரச் சொல்வேன். பின்டயர் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், புதிது மாதிரியே இருக்கும். முன்டயரின் வெளி ஓரத்தில் கையை வைக்க முடியாது. ரப்பர் மெல்லிய திரிகளாக உருண்டு, அழிரப்பரால் தேய்த்த காகிதத்தில் ஒட்டியிருப்பதுபோல ஒட்டிக்கொண்டிருக்கும். ஓரத்தில் அச்சிட்டிருந்த சின்ன அம்புக்குறிகூடத் தேய்ந்து போயிருக்கும். "ஸ்டீயரிங்கை இன்னும் கொஞ்சம் திருப்பினால் வளைந்துவிடும் என்று நீங்கள் திருப்பினீர்களே, அந்தத் திருப்பல் எல்லாம் இங்கே இருக்கிறது" என்று காட்டுவேன். அதற்குப் பிறகு, ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் போதுமான அளவு வளையாமல் வெளியே ஓடும் அண்டர்ஸ்டீயரைப் பற்றி நான் பாடம் நடத்த வேண்டியதே இல்லை. அடுத்த ஓட்டத்தில் வளைவுக்குள் நுழையும் வேகத்தை அவரே குறைத்துக்கொள்வார்.

இதனால் ஹாட் ஹேட்ச் மட்டமான கார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்ஜினின் இழுவிசையை இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பாகம்தான் டிஃபரன்ஷியல். அது நல்லதாக இருந்தால் கதையே மாறிவிடும். சாதாரண டிஃபரன்ஷியலில், வளைவில் பாரம் இழந்த உள்பக்கச் சக்கரம் வெறுமனே சுழன்று புகைவிடும், கார் நகராது. லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருந்தால் இழுவிசை வெளிச்சக்கரத்துக்குப் போகும். அது காரின் மூக்கைப் பிடித்து வளைவுக்குள் இழுக்கும். முதன்முறை உணர்கிறவர்கள் திகைத்துப் போவார்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கார் வெளியே ஓடும் என்று எதிர்பார்த்திருப்பார்கள், அது உள்ளே வரும்.

வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். சில ஹேட்ச்களில் இந்த வேலையைச் செய்ய உண்மையான டிஃபரன்ஷியல் இருக்காது. சுழலும் உள்சக்கரத்தின் பிரேக்கைக் கம்ப்யூட்டர் லேசாகப் பிடித்து அதே விளைவைக் கொண்டுவரும். சாலையில் அது போதும். தடத்தில் ஒவ்வொரு வளைவிலும் நமக்குத் தெரியாமலேயே பிரேக் பிடிக்கப்பட்டுக்கொண்டிருக்கும், ஏற்கனவே சூடான முன்பிரேக் இன்னும் சூடாகும். பத்தாவது சுற்று என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

கம்பெனிகள் இந்த முன்சக்கர இழுவையை எவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கின்றன என்பதற்கு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடம் சாட்சி. ஒரு சுற்று 20.832 கிலோமீட்டர். 2019-இல் ரெனோ மெகான் டிராஃபி-ஆர் அதை 7 நிமிடம் 45.389 விநாடியில் முடித்தது. அதற்காகப் பின்சீட்டையே எடுத்துவிட்டார்கள். 2023-இல் ஹோண்டா சிவிக் டைப் ஆர் 7 நிமிடம் 44.881 விநாடியில் முடித்தது, அது நான்கு பேர் உட்காரும் கார். ஐம்பது வருடங்களுக்கு முன் இதைச் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். நான்கு சக்கர இழுவையுடன் 2020-இல் வந்த டொயோட்டா ஜிஆர் யாரிஸ் தனி ரகம். அதைப் பற்றிப் பேச இன்னோர் உரை வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஹேட்ச்சின் பின்பக்கம் லேசானது என்று சொன்னேன் அல்லவா? வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பாரம் முன்னால் சாய்ந்து, பின்பக்கம் பிடி விட்டுச் சுழலும். பழைய 205 ஜிடிஐ இதற்குப் பேர்போனது. பயந்த கால் தானாகவே பின்வாங்கும். அதைப் பின்வாங்காமல் வைத்திருக்கப் பழகுவதற்கு நிறையச் சுற்றுகள் வேண்டும்.

சரி, ஸ்போர்ட்ஸ் காருக்கு வருவோம். எனக்கு மனதில் நெருக்கமானது இதுதான், மறைக்கப் போவதில்லை. முன்டயர் வளைக்கும், பின்டயர் தள்ளும். பாரம் முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாக இருப்பதால், வலதுகாலின் சிறு அசைவுக்கும் கார் பதில் சொல்லும். டொயோட்டா 86-ஐ வடிவமைத்தவர்கள் அதில் 215 மில்லிமீட்டர் அகல டயரைத்தான் போட்டார்கள். 200 குதிரைத்திறன் காருக்கு ஒல்லியான டயர். குறைந்த வேகத்திலேயே கார் வழுக்க ஆரம்பிக்கும், ஓட்டுகிறவர் அதை உணர்ந்து சரிசெய்யக் கற்றுக்கொள்வார். அது தெரிந்தே செய்த ஏற்பாடு.

வாங்கியவர் முதலில் செய்வது என்ன? அந்த டயரைக் கழற்றிவிட்டு அகலமான, ஒட்டிப்பிடிக்கும் டயர் மாட்டுவது. அங்கே ஆரம்பிக்கிறது சங்கிலி. டயர் அதிகமாகப் பிடித்தால் பிரேக் இன்னும் பலமாகப் பிடிக்கலாம், அதனால் பிரேக் சூடு ஏறும். வளைவில் வேகம் கூடும், அதனால் சம்ப்பில், அதாவது இன்ஜினுக்கு அடியிலுள்ள தொட்டியில் இருக்கும் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். நீண்ட வளைவில் ஆயில் உறிஞ்சும் குழாய் சில நொடி வெறும் காற்றை இழுக்கும். இன்ஜினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகள் கெட்டுப்போக அந்தச் சில நொடி போதும். சம்ப்புக்குள் தடுப்புத் தகடு போட்டால் ஆயில் சரியாகும். ஆனால் இப்போது சஸ்பென்ஷனின் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள் நசுங்கி, டயர் சாயும் கோணம் மாறும், வெளி ஓரம் தேயும். கேம்பர் என்னும் அந்தச் சாய்கோணத்தைச் சரிசெய்ய வேண்டும். ஒன்றில் கைவைத்தால் அடுத்தது கதவைத் தட்டும். ஹாட் ஹேட்ச் விஷயத்தில் இந்தச் சங்கிலியைக் கம்பெனியின் இன்ஜினியர்கள் வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்து முடித்துத் தந்திருப்பார்கள். மாற்றிய ஸ்போர்ட்ஸ் காரில் அந்த இன்ஜினியர் நீங்கள்தான்.

இதை நான் கற்ற நாளைச் சொல்கிறேன். என் முதல் ஸ்போர்ட்ஸ் காரை, ஏற்கனவே ஒருவர் மாற்றி வைத்திருந்த நிலையில் வாங்கினேன். டர்போ சேர்த்திருந்தார், பெரிய சைலன்சர் போட்டிருந்தார், பின்னால் இறக்கை வைத்திருந்தார். நேர்பாதையில் அம்புபோலப் போகும். ஐந்தாவது சுற்றில், நேர்பாதை முடிவில் வழக்கமான இடத்தில் பிரேக்கை மிதித்தேன். பெடல் ஈரப் பஞ்சைப் போல அமுங்கித் தரையைத் தொட்டது. எடுத்து மறுபடி மிதித்தேன், பாதியில் கொஞ்சம் பிடித்தது. மூன்றாவது முறை மிதிக்கும்போது நான், தடம் விட்டு ஓடும் காரை நிறுத்த ஓரத்தில் போட்டிருக்கும் ஜல்லிப் படுகையில் இருந்தேன். கார் நின்றது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கை நடுக்கம் அடங்க நேரம் பிடித்தது.

பட்டறையில் வைத்து, பேடை டிஸ்க்கில் அழுத்தும் பிரேக் கேலிப்பரில் ஆயிலை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்தோம். கருத்துப்போன ஆயில் குமிழி குமிழியாக வந்தது. இன்ஜினுக்கு அத்தனை செலவு செய்தவர் பிரேக் ஆயிலை மாற்றவே இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் நீராவி வரும், நீராவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். ஆளோடு சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள காரை 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80-க்குக் கொண்டுவரும்போது பிரேக்குக்குள் போகும் சூடு, ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒரே ஒரு வளைவுக்கு அவ்வளவு. சுற்றுக்குச் சுற்று அது நடக்கிறது.

அதனால்தான் என்னிடம் வருகிறவர்களை இன்ஜின் சக்தியைக் கடைசியில் தொடச் சொல்கிறேன். எந்தக் காராக இருந்தாலும் முதல் செலவு புதிய பிரேக் ஆயில், சூடு தாங்கும் பிரேக் பேட். அப்புறம் டயரும் வீல் அலைன்மென்ட்டும். இன்ஜின் ஆயில் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்றைப் பொருத்துங்கள், அது ஏறினால் ஆயில் கூலர் போடுங்கள். இதற்குள் ஒரு வருடம் ஓடியிருக்கும், உங்கள் நேரம் விநாடிக் கணக்கில் குறைந்திருக்கும். ஓட்டம் முடிந்து வந்ததும் கைப்பிரேக் போடாதீர்கள். சுட்டுப் பழுத்த டிஸ்க்கில் பேட் ஒரே இடத்தில் அழுந்தி நிற்கக் கூடாது. கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வையுங்கள். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி எல்லாவற்றையும் ஆறவிட்டு உள்ளே வாருங்கள்.

இப்போது என் முடிவு. தடத்துக்குப் புதியவர், வாரநாட்களில் அதே காரில் வேலைக்கும் போக வேண்டும் என்றால், உண்மையான டிஃபரன்ஷியல் உள்ள ஹாட் ஹேட்ச்சை வாங்கி, பிரேக் பேடும் பிரேக் ஆயிலும் டயரும் மட்டும் மாற்றி ஓட்டுங்கள். முன்டயர் சீக்கிரம் தேயும், அதற்குத் தயாராக இருங்கள். காரோடு கைபழக்கம் உள்ளவர், ஸ்பேனர் பிடிக்க ஆசை உள்ளவர் லேசான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை, யாரும் கைவைக்காததாகப் பார்த்து வாங்குங்கள். அடுத்தவர் மாற்றிய காரை வாங்குவதானால், எதை எப்போது மாற்றினார் என்ற ரசீதும் குறிப்பும் இல்லாமல் தொடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றியபின் ஓட்டி, நோட்டில் எழுதி, அப்புறம் அடுத்தது.

அந்தக் காரை நான் விற்கவில்லை. டர்போவைக் கழற்றினேன், இறக்கையைக் கழற்றினேன். இன்ஜின் கம்பெனி நிலைக்கே திரும்பியது. நேர்பாதையில் ஹாட் ஹேட்ச்கள் என்னைச் சுலபமாகத் தாண்டிப் போகின்றன, கையைக் காட்டி வழிவிடுகிறேன். கையுறைப் பெட்டியில் ஒரு நோட்டு இருக்கிறது. டயர் காற்றழுத்தம், ஆயில் சூடு, சுற்று நேரம் எல்லாம் பென்சிலில் எழுதியிருக்கும். போன ஓட்டத்துக்கான பக்கத்தில், மூன்றாவது சுற்றுக்கும் பத்தாவது சுற்றுக்கும் நடுவே அரை விநாடிதான் வித்தியாசம். பத்தாவதுதான் குறைவு.

நன்றி, வணக்கம்.