வில்லனோவாவோட பத்து வருஷம்: பிரன்சனுக்கு அடுத்த இடம் யாருக்கு?

வணக்கம் மக்களே, வாங்க வாங்க. பாஸ்கெட்பால்ல நியூயார்க் நிக்ஸ் டீமோட மேட்ச் நடக்கறப்பல்லாம் ஒரு சண்டை கிளம்புது, கவனிச்சிருப்பீங்க. ஜேலன் பிரன்சன், ஜாஷ் ஹார்ட், மிக்கால் பிரிட்ஜஸ், மூணு பேரும் ஒரே காலேஜ். ஃபிலடெல்ஃபியா பக்கத்துல இருக்கற வில்லனோவா. அங்க ஆடின காலத்துல இவங்கள்ல யாரு பெரிய ஆளு? இன்னிக்கு அதைத்தான் பேசப் போறோம். 2010ல இருந்து 2019 வரைக்கும் வில்லனோவா ஜெர்சி போட்டவங்கள்ல என்னோட அஞ்சு பேர்.

ஒரே ஒரு கண்டிஷன். காலேஜ் முடிச்சு என்பிஏங்கற அமெரிக்க புரொஃபஷனல் லீக்ல போய் என்ன கிழிச்சாங்கங்கறத நான் கணக்குலயே எடுத்துக்க மாட்டேன். அதை உள்ள விட்டா என் லிஸ்ட்ல ரெண்டாவதா நிக்கற மனுஷன் காணாமலே போயிடுவாரு. என்பிஏ டீமுங்க புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கற ட்ராஃப்ட்ல 60 பேரை எடுத்தாங்க, அந்த 60ல அவரு பேரு இல்ல. அவருக்காகத்தான் நான் இந்த வீடியோவே போடறேன்.

முதல் இடம் பிரன்சன். இதுல எனக்கு விவாதமே கிடையாது. மூணே வருஷம்தான் ஆடினாரு, அதுக்குள்ள டிகிரியையும் முடிச்சுட்டாரு. அந்த மூணு வருஷத்துல டீம் ஜெயிச்சது 103, தோத்தது வெறும் 13. 2016, 2018 ரெண்டு சாம்பியன்ஷிப்லயும் ஆரம்ப அஞ்சு பேர்ல ஒருத்தர். 2018ல நாட்டோட சிறந்த வீரர்னு நெய்ஸ்மித், வுடன் ரெண்டு விருதும் அவருக்குத்தான்.

விருதை விடுங்க, அவரு ஆடற விதத்தைப் பாருங்க. பாயிண்ட் கார்டுன்னா பந்தை வேகமா தள்ளிட்டுப் போகணும், தாவணும், அதானே எதிர்பார்ப்போம்? பிரன்சன் முதுகைக் காட்டி நிப்பாரு. தன்னைக் காக்கறவரை முதுகாலயே கொஞ்சம் கொஞ்சமா கூடைக்குக் கீழ நகர்த்திட்டுப் போவாரு. அங்க போனதும் ரெண்டு காலையும் ஊனி டக்குனு நிறுத்துவாரு. ஒரு கால் அசையாது, இன்னொரு கால் மட்டும் சுத்தும். பந்தைத் தூக்கற மாதிரி ஒரு பாவ்லா. எதிராளி குதிச்சு, கீழ வந்துட்டு இருக்கும்போது இவரு நிதானமா இடது கையால போட்டுட்டுத் திரும்பி ஓடுவாரு. தன்னைவிட உயரமான ஆளுங்க மேலயே அதைப் பண்ணாரு. இப்ப நியூயார்க்ல நீங்க பார்த்துக் கைதட்டறது அதேதான், மூணு வருஷம் காலேஜ்ல ஊறினது. 2018 ட்ராஃப்ட்ல 33 பேருக்கு அப்புறமா, இல்ல, சரியா 33ஆவதா எடுத்தாங்க. அவ்வளவு விருது வாங்கினவரை ரெண்டாவது ரவுண்டு வரைக்கும் காக்க வெச்சாங்க.

சரி, ரெண்டாவது இடம். நிறைய பேரு ஹார்ட்டுன்னு சொல்வீங்க. நான் சொல்றது ரையன் ஆர்ச்சிடியாகோனோ. அங்க எல்லாரும் ஆர்ச்னுதான் கூப்பிடுவாங்க, நானும் அப்படியே சொல்றேன்.

இவரை ஏன் இவ்வளவு மேல தூக்கி வைக்கறேன்னா, 2011-12 சீசனுக்குப் போகணும். அந்த வருஷம் வில்லனோவா 13 ஜெயிச்சு 19 தோத்தாங்க. கோச் ஜே ரைட் மேலயே ஜனங்களுக்கு நம்பிக்கை ஆட்டம் கண்ட நேரம். அந்த டீமுக்குத்தான் ஆர்ச் வந்து சேர்ந்தாரு. அதுவும் எப்படி? முதுகுல ஆபரேஷன் ஆகி, பள்ளிக்கூடத்துல கடைசி சீசனே ஆடாம. அப்பா அம்மா ரெண்டு பேரும் வில்லனோவால படிச்சவங்க, வீடு ஃபிலடெல்ஃபியாவுக்கு வெளிய லாங்ஹார்ன்ல. சேர்ந்த முதல் வருஷமே, 2013 ஜனவரியில, ஒரே வாரத்துல லூயிவில், சிராக்யூஸ்னு ரெண்டு பெரிய டீமை சாய்ச்சாங்க. சிராக்யூஸ் மேட்ச்ல கடைசி நொடிகள்ல த்ரீ பாயிண்டர், அதாவது தூரத்துல இருந்து மூணு பாயிண்ட் ஷாட் போட்டு ஆட்டத்தை ஓவர்டைமுக்கு இழுத்தது ஆர்ச். முதல் வருஷப் பையன்!

அங்கேர்ந்து நாலு வருஷம், 117 வெற்றி. 13-19ல இருந்து 117! ஆனா நடுவுல நிறைய வலி இருக்கு. மார்ச் மாச டோர்னமெண்ட்ல 68 டீம், ஒரு தடவை தோத்தா மூட்டையைக் கட்டணும். 2014ல கனெக்டிகட் கிட்ட சீக்கிரமே தோத்தாங்க. 2015ல முதல் சீடா, அதாவது தரவரிசையில உச்சத்துல வெச்ச டீமா போயிட்டு என்சி ஸ்டேட் கிட்ட 71-68. "இந்த டீம் சீசன் பூரா நல்லா ஆடும், மார்ச் வந்தா படுத்துடும்"னு எல்லாரும் முத்திரை குத்தியாச்சு. அந்த 2015ல ஆர்ச் பிக் ஈஸ்ட் லீக்கோட சிறந்த வீரர் விருதைப் பகிர்ந்துகிட்டவரு. அடுத்த வருஷம் என்ன பண்ணாரு தெரியுமா? புதுசா வந்த பிரன்சன் கையில பந்தைக் குடுத்துட்டு தன் பங்கைக் குறைச்சுக்கிட்டாரு. கடைசி வருஷம், ட்ராஃப்டுக்கு முன்னாடி எல்லாரும் தன் நம்பரை ஏத்தப் பார்க்கற நேரம் அது. எனக்கு இந்த ஒரு விஷயம் போதும்.

இப்ப அந்த 4.7 நொடிக்கு வருவோம். 2016 ஏப்ரல் 4, ஹூஸ்டன், ஃபைனல். எதிர்ல நார்த் கரோலினா. மார்க்கஸ் பேஜ் காத்துலயே உடம்பை மடக்கி ஒரு த்ரீ பாயிண்டர் போடறாரு, 74-74, மிச்சம் 4.7 நொடி. பார்த்த எல்லாருக்கும் ஓவர்டைம்னுதான் தோணியிருக்கும். வில்லனோவா டைம் அவுட். இந்த இடத்துல ஒரு காட்சி, தயவு செஞ்சு யூட்யூப்ல தேடிப் பாருங்க. தரை ஈரமா இருக்கு. சென்டர் டேனியல் ஒச்செஃபூ, அவ்வளவு உயரமான மனுஷன், தரை துடைக்கற பையன் கையில இருந்து மாப்பை வாங்கித் தானே துடைக்கறாரு. ஏன்னா அந்த இடத்துலதான் ஆர்ச்சைக் காக்கற ஆளோட வழியை மறிச்சு, அதாவது ஸ்க்ரீன் போட்டு ஒச்செஃபூ நிக்கணும். வழுக்கிட்டா எல்லாம் போச்சு.

கிரிஸ் ஜென்கின்ஸ் ஓரத்துல இருந்து பந்தை உள்ள போடறாரு. ஆர்ச் வாங்கிட்டு ஓடறாரு. ஒச்செஃபூ ஸ்க்ரீன் போடறாரு. பின்னாடி ஜென்கின்ஸ் "ஆர்ச், ஆர்ச்"னு கத்திட்டே வராரு, அவரைக் காக்க ஆளே இல்ல. ஆர்ச் தானே ஷாட் எடுத்திருக்கலாம். நாலு வருஷம் டீமைத் தூக்கி சுமந்தவரு, சொந்த ஊருப் பையன், கடைசி மேட்ச், கடைசி ஷாட். அது உள்ள போகாமப் போயிருந்தாலும் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாங்க. அவரு கீழாக்க கையால பந்தைப் பின்னாடி நீட்டிவிட்டாரு. ஜென்கின்ஸ் போட்டாரு. 77-74. ஜே ரைட் முகத்துல ஒரு சிரிப்புகூட இல்ல, உதடு மட்டும் "பேங்"னு அசையுது. அந்த ஃபைனல் ஃபோர்ல, அதாவது கடைசி நாலு டீம் மோதற கட்டத்துல, சிறந்த ஆட்டக்காரர் விருதை ஆர்ச்சுக்குக் குடுத்தாங்க, சரியான ஆளுக்குத்தான் போச்சு.

அதனால ஹார்ட் எனக்கு மூணாவது. ஹார்ட் ரசிகர்கள் கோவப்படாதீங்க, நானும் அந்தக் கட்சிதான். முதல்ல பெஞ்ச்ல இருந்து எழுந்து வந்து 2015 பிக் ஈஸ்ட் டோர்னமெண்ட்ல சிறந்த வீரர். 2016 செமி ஃபைனல்ல ஓக்லஹோமாவை 95-51னு நொறுக்கினாங்களே, ஃபைனல் ஃபோர் வரலாற்றுலயே பெரிய வித்தியாசம் அது, அதுல ஹார்ட் 23 பாயிண்ட். அடுத்த சீசன்ல நோட்டர் டேம் மேல 37 பாயிண்ட், அப்புறம் கூடைல விழாமத் திரும்பற பந்தைப் பிடிக்கற ரீபவுண்ட் 11. கார்டா ஆடிக்கிட்டு பெரிய ஆளுங்க நடுவுல புகுந்து ரீபவுண்டைப் பிடுங்கற அந்த வெறி அப்பவே இருந்துச்சு. தனியா ஒரே சீசனை எடுத்து எடை போட்டா, 2016-17 ஹார்ட் ஆர்ச்சோட எந்த வருஷத்தையும் விட மேல, அதை நான் ஒத்துக்கறேன். ஆனா அந்த வருஷம் டோர்னமெண்ட்டோட மொத்த முதல் சீடா போயிட்டு ரெண்டாவது மேட்ச்லயே விஸ்கான்சின் கிட்ட 65-62. கடைசியில ஹார்ட் உள்ள புகுந்தாரு, பந்து கையை விட்டுப் போயிடுச்சு. அந்த ஒரு பந்துக்காக நான் அவரைக் கீழ இறக்கல. ஹார்ட் வந்தப்ப வீடு கட்டி முடிச்சாச்சு, ஆர்ச் வந்தப்ப அஸ்திவாரமே ஆடிட்டு இருந்துச்சு. என் கணக்கு அதுதான்.

நாலாவது பிரிட்ஜஸ், சட்டுனு முடிச்சுடறேன். முதல் வருஷம் ஆடாம உக்காந்து உடம்பைத் தேத்தினாரு. 2016ல பெஞ்ச்ல இருந்து வந்து டிஃபென்ஸ் மட்டும் பண்ணாரு. 2018ல மேட்சுக்கு 17.7 பாயிண்ட், எதிர் டீம்ல யாரு நல்லா ஆடறாங்களோ அவங்களைக் காக்கற வேலையும் அவருதான். இப்படிப் படிப்படியா ஏறினவரு அந்தப் பத்து வருஷத்துல வேற யாரும் இல்ல.

அஞ்சாவது இடத்துக்குத்தான் பெரிய அடிதடி. டாண்டே டிவின்சென்ஸோ 2018 ஃபைனல்ல மிச்சிகன் மேல பெஞ்ச்ல இருந்து வந்து 31 பாயிண்ட் போட்டாரு. பிரன்சன் அன்னிக்கு ஃபவுல்ல மாட்டி 9தான். டிவின்சென்ஸோ இல்லேன்னா 79-62னு அவ்வளவு லேசா முடிஞ்சிருக்காது. ஆனா ஒரு ராத்திரிக்கு ஒரு இடம் குடுக்க எனக்கு மனசு வரல. 2016 ஃபைனல்ல பெஞ்ச்ல இருந்து 20 பாயிண்ட் போட்ட ஃபில் பூத்தை யாருமே சேர்க்கறதில்லையே, அப்ப அதே நியாயம் இவருக்கும்தானே? ஸ்காட்டி ரெனால்ட்ஸ் பெரிய ஆளுதான், ஆனா அவரு காலம் 2010 மார்ச்சோட முடிஞ்சுது, இந்தப் பத்து வருஷத்துக்குள்ள அவரை இழுக்க முடியாது.

நான் ஒச்செஃபூவை எடுக்கறேன். ஆர்ச் கூடவே வந்து, ஆர்ச் கூடவே அந்த 117ஐயும் ஜெயிச்ச ஆளு. மத்த நாலு பேரும் வெளிய சுத்தறவங்க, உள்ள நின்னு ஸ்க்ரீன் போட, கூடையைக் காக்க ஒருத்தர் வேணும். ஓமாரி ஸ்பெல்மன் ஒரே சீசன்ல போயிட்டாரு.

ஆமா, கிரிஸ் ஜென்கின்ஸ் இல்ல. காலேஜ் பாஸ்கெட்பால்லயே பெரிய ஷாட்டைப் போட்டவரை வெளிய விட்டுட்டு, அந்த ஷாட்டுக்கு முன்னாடி தரை துடைச்சவரை உள்ள வெச்சிருக்கேன். தப்புன்னு நினைச்சீங்கன்னா கீழ எழுதுங்க, ஆனா ஒண்ணு, ஜென்கின்ஸை உள்ள கொண்டு வரணும்னா இந்த அஞ்சு பேர்ல யாரை வெளிய அனுப்புவீங்கன்னும் சேர்த்து எழுதணும். ஆர்ச்சைத் தொட்டீங்கன்னா ஒரு முழு வீடியோ பதிலா வரும்.