"அம்மா நல்லா இருக்காங்க"

வணக்கம் நேயர்களே. நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை மறுபடி நடக்கப் பழக்குவது என் வேலை. அவர்கள் வீடு திரும்பிச் சில மாதங்கள் கழித்து, "இப்போது எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டு மருத்துவமனையிலிருந்து ஃபோன் வரும், அல்லது ஒரு படிவம் வரும். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

அந்த ஃபோனைப் பெரும்பாலும் மகனோ மருமகளோ எடுக்கிறார்கள். "அம்மா நல்லா இருக்காங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள். ராத்திரி வலியில் இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தது அம்மாவுக்குத்தானே தெரியும்? தயவுசெய்து ஃபோனை அவரிடம் கொடுங்கள்.

அம்மாவே பேசினாலும் இன்னொரு தயக்கம் வரும். இவ்வளவு செய்த டாக்டரிடம் போய் வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது என்று நினைப்பார். வலியைச் சொல்வது டாக்டரைக் குறை சொல்வது ஆகாது, அம்மா. எந்த வேலைக்கு எவ்வளவு வலி என்று தெரிந்தால்தான் உங்களுக்கான பயிற்சியை நாங்கள் மாற்ற முடியும்.

உலகில் பல இடங்களில் பயன்படும் ஒரு கேள்வித்தாள், ஆக்ஸ்ஃபோர்டில் உருவாக்கப்பட்டு 1998இல் வெளியானது. மொத்தம் 12 கேள்விகள். மாடிப்படி இறங்க முடிகிறதா, நாற்காலியிலிருந்து எழும்போது வலிக்கிறதா, கடைக்குத் தனியாகப் போய்வர முடிகிறதா, இப்படித்தான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், ஆக மொத்தம் 48. இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையில் 2009 முதல் மூட்டு மாற்று நோயாளிகளிடம் அறுவைக்கு முன்பும், ஆறு மாதம் கழித்தும் இப்படிக் கேட்கிறார்கள். எக்ஸ்ரேயில் மூட்டு பொருந்தியிருப்பது தெரியும். படியிறங்க நீங்கள் பயப்படுவது அதில் தெரியாது.

சம்மணம் போட்டு உட்காருவதும், இந்தியன் டாய்லெட்டும் அந்த 12 கேள்விகளில் இல்லை. நம் வீடுகளில் அதுதான் முதல் கவலை. கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

ஒரு நிகழ்வு என் மனதை விட்டுப் போகவே இல்லை. 2010இல் ஒரு வகை உலோக இடுப்பு மூட்டை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். அது சீக்கிரம் பழுதாகி மறு அறுவை வரை போகிறது என்பதை, நோயாளிகளின் பின்னாள் நிலையைப் பதிவு செய்து வந்த நாடுகள்தான் கண்டுபிடித்துச் சொன்னன. இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகளில் அது பொருத்தப்பட்டிருந்தது. அதைப் பொருத்திக்கொண்டவர்களில் பெரும்பாலோரைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. உடம்புக்குள் அந்த மூட்டோடு எங்கோ இருக்கிறார்கள். சொல்லலாம் என்றால் முகவரி இல்லை.

சரி, தெரியாத நம்பரை எடுக்கப் பயமாக இருக்கிறது என்கிறீர்களா? பயம் நியாயம்தான். இந்தக் கேள்விகளுக்கு வங்கி விவரமோ ஓடிபியோ தேவையே இல்லை. கேட்டால் உடனே வைத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டில் உள்ள நம்பருக்கு நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள்.

அப்புறம், காய்ச்சல், தையல் போட்ட இடத்தில் நீர் வடிதல், கெண்டைக்காலில் திடீர் வீக்கம், மூச்சுத்திணறல், இதில் எது வந்தாலும் ஃபோன் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஃபோன் நம்பர் மாற்றியவர்கள், அடுத்த செக்கப்புக்குப் போகும்போது புது நம்பரைக் கொடுத்து உங்கள் ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.