ஒலாஜுவானுக்கு உயரம் மட்டும்தான் காரணமா? உங்கள் கேள்விக்குப் பதில்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. அதை அப்படியே படிக்கிறேன். "ஹக்கீம் ஒலாஜுவான் 15 வயதுக்கு மேல்தான் கூடைப்பந்தைத் தொட்டார் என்று போன வீடியோவில் சொன்னீர்கள். 21 வயதில் என்பிஏ டிராஃப்டில் முதல் ஆளாக அவரை எடுத்தார்கள். ஏழடி உயரம் இருந்தால் யாருக்கும் இது நடக்குமே, இதில் என்ன அதிசயம்?"

நல்ல கேள்வி. புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: என்பிஏ என்பது அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக், டிராஃப்ட் என்பது அதன் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது. உயரம் உதவியது, அதை மறுக்கவே முடியாது. அவர் உயரத்தைப் பார்த்துத்தான் அவரைக் கூடைப்பந்துக்குக் கூப்பிட்டார்கள். ஆனால் நம் சேனலைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் அடுத்து எங்கே போவேன் என்று தெரியும். கால்கள். அவருடைய கால்களைப் பாருங்கள் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

அவர் 1963-இல் நைஜீரியாவின் லாகோஸில் பிறந்தவர். யொருபா இனக் குடும்பம், அப்பா அம்மா சிமெண்ட் வியாபாரம் செய்தவர்கள். சிறு வயதில் அவர் ஆடியது கால்பந்தும் ஹேண்ட்பாலும். கால்பந்தில் கோல்கீப்பர். கோல்கீப்பர் எப்படி நகர்வான் என்று யோசியுங்கள். கால் பின்னாமல் பக்கவாட்டில் சின்னச் சின்ன அடி. எடை எப்போதும் முன்பாதத்தில். எதிரே வருகிறவனின் இடுப்பைப் பார்த்து, அவன் உதைக்கும் வரை பொறுத்திருந்து, அப்புறம்தான் பாய வேண்டும். முந்திப் பாய்ந்தால் கோல். ஹேண்ட்பால் என்றால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று அடி போகலாம். ஓடிவந்து எழும்பி, தடுப்பவனை ஏமாற்றி எறிய வேண்டும். இதெல்லாம் ஒரு சென்டருக்கு, அதாவது வளையத்துக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான வீரருக்கு, வேண்டிய பாடம்தானே? கூடைப்பந்தை அவர் தாமதமாகத் தொட்டார், சரி. ஆனால் கூடைப்பந்துக்கு வேண்டிய கால்கள் அதற்குப் பல வருடம் முன்பே தயாராகிக்கொண்டிருந்தன.

லாகோஸில் அவர் முஸ்லிம் டீச்சர்ஸ் காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது கூடைப்பந்துக்கு வந்தார். அப்போது நைஜீரிய அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் ரிச்சர்ட் மில்ஸ் என்ற அமெரிக்கர். ஒரு நாள் பயிற்சி முடிந்ததும், பந்தை டங்க் பண்ணு என்கிறார்கள். ஒலாஜுவானுக்கு டங்க் என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு நாற்காலியைப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று, பந்தை வளையத்துக்குள் அழுத்திக் காட்டுகிறார்கள். இவரும் அந்த நாற்காலியில் ஏறப் போகிறார்! நாற்காலி வேண்டாம், தரையிலிருந்தே செய் என்றால் முதலில் அவரால் முடியவில்லை. கேள்வி கேட்ட நண்பருக்கு இதுதான் என் முதல் பதில். அந்த உயரம் இருந்தும் முதல் நாள் டங்க் வரவில்லை.

1980-இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார். அவருக்காக யாரும் ஆவலோடு காத்திருக்கவில்லை. விமான நிலையத்துக்குக்கூட ஆள் வரவில்லை. போன் செய்தால், டாக்சி பிடித்து வந்துவிடு என்றார்களாம். முதல் வருடம் ஆட அனுமதி கிடைக்கவில்லை. அடுத்த சீசனில் ஆடினார், ஆட்டத்துக்குச் சராசரியாக எட்டுப் புள்ளிகள்தான். அப்படியே விட்டிருந்தால் இன்று அவரைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

இங்கேதான் வேறொரு கேள்வி இருக்கிறது. எப்போது ஆரம்பித்தார் என்பதை எல்லோரும் கேட்கிறார்கள். யாரோடு மோதிக் கற்றுக்கொண்டார் என்று ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. கேட்க வேண்டியது அதுதான்.

ஹூஸ்டன் பயிற்சியாளர் கை லூயிஸ் அவரிடம், கோடை விடுமுறையில் ஃபோன்டே விளையாட்டுக் கூடத்துக்குப் போய் மோசஸ் மலோனோடு ஆடு என்றார். மலோன் யார் தெரியுமா? 1974-இல் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனவர். 1982-இல் என்பிஏ-வின் சிறந்த வீரர். ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, அவர் இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தால் நகர்த்தவே முடியாது. அந்த மனிதரோடு, டிக்கெட்டும் கேமராவும் இல்லாத ஒரு பொதுக் கூடத்தில், கல்லூரிப் பையன் ஒலாஜுவான் மோதுகிறார். தள்ளப்படுகிறார், மறுபடி நிற்கிறார், மறுபடி போகிறார். பலத்தால் மலோனை வெல்ல முடியாது என்றால் என்ன வழி? நகர வேண்டும். ஒரு பக்கம் போவதுபோல் காட்டி மறுபக்கம் திரும்ப வேண்டும். மறுபடியும் கால்கள்தான். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அடிக்க நல்ல சம்மட்டி வேண்டும், அவருக்கு அது மலோன்.

அந்தக் கோடை முடிந்து வந்தவர் வேறு ஆள். சக வீரர் கிளைட் டிரெக்ஸ்லரும் அவரும் சேர்ந்து 1983-இல் ஹூஸ்டனைக் கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். நார்த் கரோலினா ஸ்டேட் 54, ஹூஸ்டன் 52. கடைசி நொடியில் தூரத்திலிருந்து எறிந்த பந்து வளையத்துக்குக்கூட எட்டாமல் விழ, லோரன்சோ சார்ல்ஸ் அதை வாங்கி உள்ளே திணித்துவிட்டார். எனக்கு அதைப் பார்க்க இன்றும் மனசு வலிக்கும். ஆனால் தோற்ற அணியில் இருந்த ஒலாஜுவானைத்தான் தொடரின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டும் இறுதி ஆட்டம், பேட்ரிக் யூயிங்கின் ஜார்ஜ்டவுனிடம் மறுபடி தோல்வி. அதன் பிறகுதான் 1984 டிராஃப்ட். ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அவரை முதலாவதாக எடுத்தது. மைக்கேல் ஜோர்டன் மூன்றாவது. ஜோர்டனை விட்டுவிட்டார்களே என்று ஹூஸ்டனை யாரும் இதுவரை குறை சொன்னதில்லை, கவனித்தீர்களா?

என்பிஏ கதையை நான் நீட்டவில்லை, முன்பே விரிவாகப் பேசியிருக்கிறோம். 1994 இறுதித் தொடர் ஆறாவது ஆட்டத்தை மட்டும் சொல்கிறேன். தோற்றால் நியூயார்க் நிக்ஸுக்குக் கோப்பை. ஹூஸ்டன் 86-84 என்று முன்னால் இருக்கிறது, நேரம் முடியப் போகிறது. நிக்ஸின் ஜான் ஸ்டார்க்ஸ் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே எழும்புகிறார். ஒரு சென்டர் அவ்வளவு தூரம் வெளியே வந்து, வெளியே நின்று ஆடும் வேகமான கார்டு ஒருவரைத் தடுப்பது அந்தக் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். ஒலாஜுவான் பக்கவாட்டில் நகர்ந்து, ஸ்டார்க்ஸ் எழும்பும் வரை பொறுத்து, விரல் நுனியால் பந்தைத் தொட்டுவிட்டார். பந்து வளையத்துக்கு எட்டவில்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், அது லாகோஸ் கோல்கீப்பரின் அசைவு. ஏழாவது ஆட்டத்திலும் ஜெயித்துக் கோப்பை வாங்கினார்கள். அந்த ஒரே சீசனில் சிறந்த வீரர், சிறந்த தடுப்பாட்டக்காரர், இறுதித் தொடரின் சிறந்த வீரர் என மூன்று விருதுகளும் அவருக்கே. வேறு யாருக்கும் அது வாய்த்ததில்லை. 3,830 பிளாக்குகள், அதாவது எதிரணி எறிந்த பந்தைத் தடுத்தவை, என்ற அவருடைய சாதனையும் அப்படியே நிற்கிறது.

1995-இல் எதிரணி சென்டர் டேவிட் ராபின்சனுக்குச் சிறந்த வீரர் கோப்பையைக் கொடுத்த அன்று, அவர் கண்முன்னாலேயே ஒலாஜுவான் 41 புள்ளிகள் எடுத்தார். ராபின்சனும் ஏழடிதான். பின்னாளில் என்பிஏ நட்சத்திரங்களான கோபி பிரையன்ட்டும் லெப்ரான் ஜேம்ஸும் ஹூஸ்டனுக்கு அவரைத் தேடிப் போனார்கள். உயரத்தைக் கற்றுக்கொள்ளவா போனார்கள்? ஃபுட்வொர்க், அதாவது கால் அசைவுகளைக் கற்கத்தான்.

மோசஸ் மலோனைப் பற்றித் தனியாக ஒரு வீடியோ போட ரொம்ப நாளாக ஆசை. அவரைப் பற்றி யாராவது ஒரு கேள்வி அனுப்புங்கள், அடுத்த வாரமே பேசிவிடலாம்.