அந்த ஒரு வாரம்

நேயர்களுக்கு வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்திருக்கிறேன். துறைமுகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். கதை படிப்பதில் மட்டும் ஓய்வு கிடையாது. சமீபத்தில் படித்த மர்ம நாவல், சரித்திர நாவல் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். பேசுகிறேன். ஆனால் முதலில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா பைண்டர். பகலில் ஜார்ஜ் டவுனில் ஓர் அச்சகத்தில் வேலை. ராத்திரி வீட்டுத் திண்ணையில் தெருக்காரர்களின் தொடர்கதைகள். வாரப் பத்திரிகையிலிருந்து பிரித்துச் சேர்த்த தாள்களைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அப்பா ஊசிநூலால் தைத்து, மைதா பசை காய்ச்சி, அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார், பூச்சி அரிக்காமல் இருக்க. பசை லேசாக நீலம் பாரிக்கும். அது காய்வதற்குள் நான் படித்து முடித்தாக வேண்டும். மறுநாள் புத்தகம் உடையவர் வீட்டுக்குப் போய்விடும்.

அப்படித்தான் பொன்னியின் செல்வன் வந்தது. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதியது. பத்திரிகையிலேயே பிற்பாடும் சில முறை வெளியிட்டார்கள். எதிர்வீட்டு அம்மா சேர்த்தது அப்படி வந்த ஒன்று. ராந்தல் வெளிச்சத்தில் படிக்கிறேன். கடம்பூர் மாளிகை. ஆதித்த கரிகாலன் உயிரோடு இருக்கிறான். பக்கத்தைத் திருப்பினால் இளவரசன் செத்துப்போயிருக்கிறான். நடுவில் ஒரு வாரத்தைக் காணோம்!

"நீதான் மாத்தித் தச்சிட்டியா?" என்று அப்பாவை எழுப்பிக் கேட்டேன். "இன்னாடா நீ, என் கைக்கு வந்ததே இவ்ளோதான். அந்த வாரம் அந்தம்மா பொன்னேரிக்குப் போயிருந்தாங்க, பொண்ணு பிரசவத்துக்கு" என்றார்.

யார் கொன்றது என்று எத்தனையோ வருஷம் நானே கதை கட்டிக்கொண்டு திரிந்தேன். வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் முழுப் புத்தகம் வாங்கினேன். ஐந்து பாகம். ஓடிப்போய் அந்த இடத்தைப் புரட்டினேன். அத்தியாயம் கிடைத்தது, கொலைகாரன் கிடைக்கவில்லை. விளக்கு அணைந்துவிடுகிறது. யார் கை என்று கல்கி அடித்துச் சொல்லவே இல்லை. இன்றைக்கும் டீக்கடையில் இதைப் பேச்செடுத்தால் ரெண்டு கட்சி சேரும்.

இத்தனைக்கும் கல்வெட்டு இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில். ராஜராஜன் பட்டத்துக்கு வந்த 2-ஆம் ஆண்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் பெயர்களைச் சொல்லி, அவர்கள் உறவுக்காரர்களின் நிலம் வரைக்கும் பேசுகிறது. பெயர் கல்லிலேயே இருக்கிறது, ஆனாலும் கதையில் அந்த இருட்டு அறைக்குள் போகும்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது. முடிவு தெரிந்த கதையில் இப்படிப் பதற வைப்பதுதான் எழுத்து. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், வீட்டில் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

போன மாதம் ஒரு மர்ம நாவல் படித்தேன். பெயர் வேண்டாம். கடைசி ரெண்டு பக்கத்தில் ஓர் இரட்டைச் சகோதரன் வந்து இறங்குகிறான், அவன்தான் கொலையாளியாம். முந்நூறு பக்கம் நம் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தால் அது மர்மமா? எதிர்வீட்டு அம்மா அந்த வாரப் பத்திரிகையை வாங்காமல் விட்டது போலத்தான் அது. அவருக்காவது பேத்தி பிறந்தாள்.

அதற்கு மாற்றாக ஜெயமோகனின் வெள்ளை யானை. 2013-இல் வந்தது, நான் இப்போதுதான் படித்தேன். தாது வருஷப் பஞ்சம், சென்னையில் ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டி, அதைச் சுமந்த தலித் கூலிகளின் வேலைநிறுத்தம். என்ன ஆகும் என்று ஊகிக்க முடியும். ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை. ஒரு குறை, அந்த ஐரிஷ் அதிகாரியின் மனசாட்சி நிறையப் பக்கத்தைத் தின்றுவிடுகிறது. படித்து முடித்த மறுநாள் பேசின் பாலத்தில் பஸ் நின்றபோது கீழே பக்கிங்ஹாம் கால்வாயைப் பார்த்தேன். எப்போதும் மூக்கைப் பிடித்துக்கொள்வேன். இதே கால்வாயில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் அந்தப் பஞ்சத்தில், 1877-78-இல், கஞ்சிக்காக மண் வெட்டியவர்கள் வெட்டியது. அன்றைக்கு மூக்கைப் பிடிக்கத் தோன்றவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி ஒரு விரலைக் காட்டுகிறார். சுஜாதாவின் ரத்தம் ஒரே நிறம் பற்றிச் சொல்ல இருந்தேன். 1857 சிப்பாய்க் கலகக் கதை, மர்மக்கதைக்காரர் சரித்திரத்துக்குள் போனால் என்ன வேகம் வரும் என்று பார்க்கலாம், படியுங்கள். அப்புறம் எம்டன், சென்னை மேல் குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 ராத்திரி, துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த ராத்திரி. ராயபுரத்திலிருந்து அதை எழுத யாராவது வர வேண்டும். எங்கள் பாட்டியின் மாமியார் அன்றைக்கு மாட்டுவண்டியில் எதை எதை ஏற்றினார் தெரியுமா, அம்மிக்கல்லை... சரி, சிவப்பு விளக்கு வந்துவிட்டது. வணக்கம்.